திருகோணமலையைக் காதால் சுற்றிப் பார்ப்பது எப்படி

கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பாட்டு, வாத்தியம் என்று இருக்கிற நண்பர்கள் போன் எடுத்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "திருமலைக்கு வாறம், எங்கெங்க போகலாம்?" திருமலை என்பது எங்கள் திருகோணமலைதான். நானும் வழக்கமான பட்டியலை ஒப்புவிப்பேன். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி, புறாத்தீவு. அவர்களும் பன்னிரண்டு மணி வெயிலில் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலைக்கு ஏறி, கல் சுட்டுக் காலைத் தூக்கித் தூக்கி நடந்து, நாலு படம் எடுத்து, பின்னேரம் கடலில் குளித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு குறை சொல்லுவார்கள்: "பாட்டு ஊர் எண்டு சொன்னீங்க, ஒரு கச்சேரியும் காணேல்ல." பிழை என்னுடையதுதான். இடத்தைச் சொன்னேன், நேரத்தைச் சொல்லவில்லை. இங்கே தினமும் கச்சேரி வைக்கிற சபா எதுவும் இல்லை. எந்த இடத்தில் எந்த நேரத்தில் நின்றால் என்ன கேட்கும் என்பது உள்ளூர் ஆட்களுக்குத் தெரியும், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மிருதங்கக்காரன். கோயில், கலியாணம், பள்ளிக்கூட விழா என்று இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் வாசித்துத் திரிகிறேன், ஆகவே கொஞ்சம் தாளப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், பாட்டுக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எப்போது வருவது என்று பார்ப்போம். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்காற்றும் மழையும். வாத்தியம் கொண்டு வருகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நடுவில் வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும், மேற்கே இருந்து நிலத்தின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிற காற்று. அப்போது மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கைப் பக்கத்துத் தோல், காய்ந்து இழுத்துக்கொள்ளும், காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் ஏறி நிற்கும். கடற்கரைப் பக்கம் இரவில் போனால் நேர் எதிர், ஈரம் குடித்துத் தோல் தொய்ந்துவிடும். இளம் வயதில் ஒருமுறை, நிலவு வெளிச்சத்தில் படம் எடுக்கலாம் என்று மிருதங்கத்தை உறையில் இருந்து எடுத்து டச்சு பே கடற்கரை மணலில் ஒரு மணித்தியாலம் வைத்திருந்தேன். அடுத்த நாள் காலை கலியாண வீடு. கல்லும் கட்டையும் எடுத்துத் தட்டுகிறேன் தட்டுகிறேன், ஏறவே இல்லை. நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வயலின்காரர்கள் உப்புக் காற்றில் போய் வந்தால் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள், துரு பிடிக்க நாளாகாது. படம் எடுக்க வேண்டுமானால் பெட்டியோடு எடுங்கள்.

சரி, முதல் நாள். விடியுமுன் எழும்பிக் கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிடுங்கள். ஓட்டோ பிடித்தால் பிரெட்ரிக் கோட்டை வாசல் வழியாக உள்ளே போக வேண்டும், கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டிவிட்டு நடவுங்கள். வழியில் புள்ளிமான்கள் நிற்கும், சாப்பாடு கொடுத்துப் பழக்காதீர்கள். வேட்டி, சேலை, அல்லது முழங்கால் மறைக்கிற உடுப்பு. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுகிறோம் என்பதால்தான் காலையில் போகச் சொல்கிறேன், கல் குளிர்ந்து கிடக்கும்.

ஏன் விடியற்காலை என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இந்தக் கோயிலுக்குப் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, இராமேசுவரத்தில் நின்று இந்தத் திசை நோக்கிப் பாடினார் என்பது மரபு. பாட்டுக்குப் பாட்டு 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று முடியும். பண், அதாவது தேவாரத்தின் பழைய ராகம், புறநீர்மை. இதைப் பூபாளத்தில் பாடுவார்கள். பூபாளம் மத்திமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து சுர ராகம், பொழுது விடிகிற நேரத்துக்கு உரியது. சுவாமிமலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பாறை, கிழக்கே பார்த்தால் கடலும் வானமும் தவிர வேறு எதுவும் இல்லை. சூரியன் தண்ணீரில் இருந்து கிளம்புகிற நேரம், காலைப் பூசை மணி, உள்ளே ஒருவர் பதிகம் எடுக்கிறார். இந்த மூன்றும் ஒன்றாக வாய்த்த நாளில் அதற்குப் பிறகு வேறு எங்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை. வாய்க்காத நாளும் உண்டு, யாராவது ஒலிபெருக்கியில் சினிமாப் பக்திப் பாட்டைப் போட்டுவிட்டால் முடிந்தது கதை.

பூசை முடிந்ததும் இராவணன் வெட்டுப் பக்கம் போங்கள். பாறை இரண்டாகப் பிளந்து கீழே முந்நூறு அடிக்கு மேல் ஆழத்தில் கடல். இராவணன் மலையைப் பெயர்க்க வாளால் வெட்டிய இடம் என்பார்கள். அதே இராவணன்தான் தலையைக் குடமாகவும் நரம்பைத் தந்தியாகவும் வைத்து வீணை செய்து சாமகானம் பாடிச் சிவனைக் குளிரவைத்தவன், ஆகவே இந்த ஊர் வாத்தியக்காரர் எங்களுக்கு அவன் மூத்த வித்துவான். இங்கே வாய்ப்பாட்டுக்காரருக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். கடல் சுருதி கொடுக்கும் என்று கவிதையில் எழுதுவார்கள், நம்பாதீர்கள், கொடுக்காது. கடலின் சத்தம் எல்லாச் சுரத்தையும் ஒன்றாக அள்ளிப் போட்ட இரைச்சல், உங்கள் சுருதியை அது விழுங்கிவிடும். போனில் இருக்கிற தம்புராவை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, சுவர் ஓரமாக இருந்து, மந்தர ஸ்தாயியில், அதாவது அடிக் குரலில், 'ஆ' என்று அகாரம் பிடித்துப் பாருங்கள். வெளியே உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது, நெஞ்சுக்குள்ளும் மண்டைக்குள்ளும் அதிர்வதை வைத்துத்தான் சுரத்தில் நிற்க வேண்டும். எங்கள் வாத்தியார் பாட்டுப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு முதல் மாதம் இங்கே கூட்டி வருவார், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை. கத்திப் பாடுகிற பிள்ளை பத்து நிமிஷத்தில் களைத்துவிடும், மூச்சை அளந்து பாடுகிற பிள்ளை நிற்கும். பூசை நடக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள், ஐயருக்குக் கோபம் வரும், வருவதும் நியாயம்.

இன்றைக்கு நிற்கிற கோயில் புதியது. பழையதை 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்தார்கள். இப்போதைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் 1963இல். கீழே கடலடியில் பழைய தூண்கள் கிடக்கின்றன, முக்குளிக்கத் தெரிந்தவர்கள் போய்ப் பார்க்கிறார்கள், எனக்கு அது ஆகாது.

இறங்கி வந்து ஊருக்குள் நடக்கும்போது தெருப் பெயர்களைப் பாருங்கள். திருஞானசம்பந்தர் வீதி இருக்கிறது, அருணகிரி வீதியும் இருக்கிறது. இந்தத் தலத்தைத் தேவாரத்தில் பாடியவருக்கு ஒரு தெரு, திருப்புகழில் பாடியவருக்கு ஒரு தெரு. சைக்கிளில் டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது, எனக்கும் முப்பது வயது வரை தெரியவில்லை. கோணேஸ்வரா இந்துக் கல்லூரிப் பக்கமாகப் போனால் மதில் ஓரம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். விபுலாநந்த அடிகள் 1920களில் இராமகிருஷ்ண மிஷன் சார்பில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பொறுப்பை எடுத்து நடத்தியவர். பழந்தமிழ் யாழ் எப்படி இருந்திருக்கும், எந்த நரம்பு எந்தச் சுரம் என்று கணக்குப் போட்டு யாழ்நூல் எழுதியவரும் அவரே. 1947 ஜூனில் தமிழ்நாட்டில் அரங்கேற்றம் நடந்தது, அடுத்த மாதமே காலமானார். பள்ளிக்கூட நேரத்தில் உள்ளே போக முடியாது, கேட்காமல் போகவும் வேண்டாம்.

பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயில். மேலே விதானம் முழுக்க வர்ணச் சிற்பம், பார்க்கவே கழுத்து வலிக்கும். பூசை நேரத்தில் மணியும் மேளமும் சேர்ந்து அந்த மண்டபத்துக்குள் முட்டி மோதித் திரும்பி வரும்போது தவிலின் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும், ஆகவே உள்ளே நின்று தவிலை எடை போடாதீர்கள், வெளி வீதிக்கு வந்து கேளுங்கள்.

திருவிழாக் காலத்தில் வருகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வருவார், வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்து, தோரணம் கட்டி, ஊரே தெருவில் நிற்கும். நாதஸ்வரமும் தவிலும் வடக்கிலிருந்து வருவது வழக்கம். யாழ்ப்பாணத்து அளவெட்டியின் தவில் தட்சிணாமூர்த்தி, நாதஸ்வரம் என்.கே. பத்மநாதன் என்று என் அப்பா ஆட்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிற பெயர்கள் எல்லாம் அந்த மண்ணில் இருந்து வந்தவைதான். ஊர்வலத்தில் மேளம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சுவாமி வெளிக்கிடும் நேரத்துக்கே வாசலில் நில்லுங்கள், புறப்பாட்டுக்கென்றே வாசிக்கிற மல்லாரி அப்போதுதான், கம்பீர நாட்டை ராகத்தில், அதைத் தவறவிட்டால் அன்றைக்கு மறுபடி கிடைக்காது. பிறகு கூட்டத்தோடு நடக்காமல் குறுக்குத் தெருவால் முன்னுக்குப் போய் ஒரு சந்தியில் நில்லுங்கள், சந்தியில்தான் மேளம் நின்று வாசிக்கும், ராகம் எடுப்பார்கள், தவில்காரர்கள் தனி வாசிப்பார்கள். தவிலுக்கு நேரே முன்னால் போகாமல் வலந்தலைப் பக்கம் பதினைந்து அடி தள்ளி நின்றால் விரல்களைப் பார்க்கலாம். வலக்கை விரல்களில் வெள்ளையாகத் தொப்பி மாதிரித் தெரிவது கூடு. துணி நாடாவைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிக் காயவிட்டுக் கல்லாக்கியது. அதனால்தான் அந்தச் சத்தம். இடக்கையில் கழி. நள்ளிரவு தாண்டினால் சனம் சினிமாப் பாட்டுக் கேட்கும், வித்துவான்களும் வாசிப்பார்கள், அந்த நேரம் நாங்கள் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவோம்.

ஊர்வலம் இல்லாத நாள்களில் பின்னேரம் உட்துறைமுக வீதி. சுவாமிமலையில் கடல் அடிக்கும், டச்சு பேயில் அலை வந்து வந்து போகும், இங்கே துறைமுகத்துக்குள் தண்ணீர் அப்படியே கண்ணாடி மாதிரிக் கிடக்கும். ஒரே ஊரில் மூன்று விதமான கடல் இருப்பது காதால் போகிறவர்களுக்குத்தான் புரியும். கச்சான் அடித்து ஓய்ந்த மாலைகளில் தண்ணீரை ஒட்டிய காற்றுக் குளிர்ந்தும் மேலே இருக்கிற காற்றுச் சூடாகவும் இருக்கும், அப்போது சத்தம் மேலே போய்ச் சிதறாமல் வளைந்து கீழே இறங்கிவிடும். எதிர்க்கரையில் வள்ளத்துக்குள் இரண்டு பேர் கதைப்பது பக்கத்தில் கதைப்பது போலக் கேட்கும். புல்லாங்குழல் பழகுகிற தம்பி ஒருவன் கரையில் இருந்து வாசிக்க, நான் ஐந்நூறு மீட்டர் தள்ளி நின்று கேட்டிருக்கிறேன், கமகம், அதாவது சுரத்தின் அசைவு, கூடத் தெளிவாக வந்தது. குழல்காரர்களும் வாய்ப்பாட்டுக்காரர்களும் மெதுவாக வாசித்துப் பழக இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. கடற்படைப் பகுதிக்குக் கிட்டப் போகாதீர்கள், போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள்.

டச்சு பே பின்னேரம் குடும்பங்களின் இடம். கடலை, ஐஸ்கிரீம், பட்டம், ஒருவர் கிற்றார் வைத்திருப்பார். பழைய ஈழத்து மெல்லிசை எடுத்தால் பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எழுபதுகளில் வானொலியில் ஒலித்த பரமேஸ்–கோணேஸ் சகோதரர்கள் திருமலைக்காரர்கள், அந்தப் பெருமையைப் பற்றிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் கதை கிடைக்கும்.

இரண்டாம் நாளைக் கரைவலைக்கு வையுங்கள். நிலாவெளி, குச்சவெளிப் பக்கமாகக் காலை வேளையில் வலை வளைத்து இழுப்பார்கள். முன்பு எல்லாக் கரையிலும் அம்பாப் பாட்டு இருந்தது. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், கயிற்றைப் பிடித்த மற்றவர்கள் ஏலேலோ என்று திருப்பிக் கொடுப்பார்கள், திருப்பிக் கொடுக்கிற இடத்தில்தான் எல்லார் பாரமும் ஒன்றாகக் கயிற்றில் விழும். தாளம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் சொல்லிக் கொடுப்பதைவிட இதைக் காட்டலாம். மெஷினால் இழுக்கிற இடத்தில் பாட்டுக் கேட்காது. ஆகவே போய் இறங்கியதும் முதலில் வலையைப் பார்க்காமல் மண்ணைப் பாருங்கள், உழவு மெஷின் சில்லுத் தடம் இருந்தால் அடுத்த கரைக்குப் போங்கள். கையால் இழுக்கிற இடத்தில் சும்மா நின்று பார்க்காமல் கயிற்றின் வாலில் நீங்களும் ஒரு கை பிடிக்கலாம், வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. இழுத்து முடிந்த பிறகு "ஐயா, அந்த அடியை இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். சில அடிகள் பெண் பிள்ளைகளுக்கு முன் சொல்லக்கூடியவை அல்ல, அப்போது சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

பாலையூற்றுப் பக்கம் ஐரோப்பியர் வழி வந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேய வழி மொழியைப் பேசுகிற சில வீடுகள் இந்த ஊரிலும் மட்டக்களப்புப் பக்கமும் இன்னும் மிச்சம். அவர்கள் கலியாண வீட்டில் வயலின், மேண்டலின், றபான் என்கிற கைப்பறை வைத்து வாசிக்கிற கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையைக் கேட்டால் நாங்கள் சின்ன வயதில் ஆடின பைலா எங்கிருந்து வந்தது என்று விளங்கும். ஆறெட்டுத் தாளம், எங்கள் கணக்கில் மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடை மாதிரித்தான், ஆனால் அழுத்தம் விழுகிற இடம் வேறு, முதல் தடவை கை போட்ட எனக்குச் சறுக்கியது. இது மேடை நிகழ்ச்சி இல்லை, வீட்டு விசேஷம். தெரிந்த ஒருவர் கூப்பிட்டால் மட்டும் போங்கள், போனால் ஆடாமல் கதிரையில் இருந்துவிட்டு வராதீர்கள்.

தம்பலகாமத்துக்குக் கண்டி வீதியால் போகிற பஸ்ஸில் போகலாம், இருபது கிலோமீட்டருக்கு மேல். வயலும் ஆதிகோணநாயகர் கோயிலும். அறுவடை முடிந்த காலத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கூத்துப் பழகுகிறார்களா என்று விசாரியுங்கள். அரங்கேற்றத்தைவிடப் பழகுகிற இரவு சுவையானது, கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரே தாளக்கட்டைப் பத்துத் தடவை ஆட வைப்பார். மிருதங்கம் படித்தவர்கள் வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள், சொற்கட்டுகளில் பாதி உங்களுக்குத் தெரிந்ததாகவும் பாதி தெரியாததாகவும் இருக்கும். திரும்பும்போது கிண்ணியா வழியாக வரலாம். 2009இல் பாலம் திறக்கும் வரை அங்கே பாதை என்கிற மிதவைப் படகில்தான் களப்பைக் கடந்தோம். சட்டித் தயிர் வாங்குங்கள். நோன்பு மாதமென்றால் சஹர் நேரத்தில், விடியுமுன் சாப்பாட்டுக்கு, றபான் அடித்து எழுப்புகிற பக்கீர் பாவாக்களை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் நினைவுகூருவார்கள், கேட்டால் பாடிக்காட்டவும் ஆள் உண்டு.

கன்னியா வெந்நீர் ஊற்று ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். ஏழு சுரம் என்று நாங்கள் பகிடிக்குச் சொல்வோம், எது காந்தாரம் என்பதில் சண்டையும் பிடிப்போம். இரவு முழுக்க வாசித்த கைக்கு அந்தத் தண்ணீர் சுகம், அவ்வளவுதான், காலையில் சனம் வருமுன் போய்விட்டு வாருங்கள். புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கலாம், காதுக்கு அங்கே வேலை இல்லை.

கடைசியாக இரவுச் சாப்பாடு. கச்சேரி, கலியாணம் எது முடிந்தாலும் நாங்கள் கூடுவது பஸ் நிலையப் பக்கத்துக் கொத்து ரொட்டிக் கடைகளில்தான். உள்ளே போய் இருக்காதீர்கள், ரொட்டி கொத்துகிற இரும்புத் தட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ரொட்டியை உடைக்கும்போது இரண்டு தகடும் விளம்பத்தில், அதாவது மெதுவாக, விழும், மரக்கறியும் கறியும் சேரும்போது இரண்டாம் காலம், முட்டை விழுந்ததும் மூன்றாம் காலம், கடைசியில் தட்டோரமாக இரண்டு தட்டுத் தட்டி முடிப்பது தீர்மானம். ஒவ்வொருவருக்கும் ஒரு நடை உண்டு, தெருமுனையில் நின்றே இன்றைக்கு அடிப்பது யார் என்று சொல்லிவிடலாம். ஒரு நாள் நான் மேசையில் ஏழு ஏழாக எண்ணுகிற மிஸ்ர நடையில் தட்டி, இப்படி அடித்துப் பாருங்கள் அண்ணை என்றேன். அவர் அடித்தார், பிழையில்லாமல் அடித்தார், அடித்து முடிப்பதற்குள் என் கொத்து தூளாகிப் பிட்டு மாதிரி வந்தது, காசில் ஒரு ரூபாவும் குறைக்கவில்லை.